வெட்டின கரட்டுல கன்று நடலாமா? – விவாத இழை

மே 11 | கேள்வி, ஒடுகத்தூர் பக்கத்து வாசகர்

எங்க ஊருக்கு மேல ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. கீழ்ப்பாதி பட்டா, மேல்பாதி மேய்ச்சல் புறம்போக்கு, அதுக்கும் மேல வனத்துறையோட காப்புக்காட்டு எல்லைக்கல். உசில், வெப்பாலை, வெக்காலி, வேம்பு, நடுநடுவே வேங்கை, ஓடை ஓரம் நாவல். போன மாசம் பட்டாவையும் புறம்போக்கையும் சேர்த்து மொட்டை அடிச்சிட்டாங்க. விறகு டன் கணக்குல போச்சு, பருத்த மரம் தனி லாரியில போச்சு. அந்தப் பக்கம் பார்க்கவே மனசு வரல. பசங்க சேர்ந்து ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்னிக்கு ஆயிரம் கன்று நடலாம்னு இருக்கோம். என்ன கன்று வாங்கலாம்ணா? நட்டா மனசு கொஞ்சம் ஆறும்.

மே 11, இரவு | பதில்

ஒண்ணும் வாங்காதீங்க.

ஜூன் 5 காலண்டர்ல ஒரு நாள், வேலூர் வெயிலுக்கு அது தெரியாது. நம்ம பக்கம் மழை நம்பிக்கையா பிடிக்கிறது ஆடி கடைசியிலிருந்துதான். தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டும் நமக்குக் கொஞ்சம் கொஞ்சம் தருது. ஜூன் முதல் வாரம் கரட்டுல நட்ட கன்றுக்குக் குடத்துல தண்ணி சுமக்கணும். ஆயிரம் கன்றுக்கு யார் சுமக்கப் போறீங்க?

அதைவிடப் பெரிய காரணம் ஒண்ணு. நீங்க சொன்ன பட்டியல்ல முக்கால்வாசி மரம் செத்துப் போகல. உசில், வெப்பாலை, வேம்பு மூணும் அடிக்கட்டையிலிருந்து நல்லா தளிர்க்கும். வெக்காலியும் தளிர்க்கும், ஆனா எல்லாக் கட்டையும் ஒரே மாதிரி வராது. வேர் முழுசா மண்ணுக்குள்ள இருக்கு, தண்ணி எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும். ஒரு கோடை மழை போதும். நர்சரிக் கன்று மூணு வருஷத்துல போற உயரத்தை இந்தத் தளிர் ஒரு வருஷத்துல போகும்.

நாளைக்குப் போய் ஒண்ணே ஒண்ணு பாருங்க: மரத்தை அறுத்திருக்காங்களா, ஜே.சி.பி. வச்சுத் தோண்டி எடுத்திருக்காங்களா? பதில் எழுதுங்க. அதைப் பொறுத்துதான் மிச்சம்.

மே 13 | கேட்டவர்

அறுத்துதான் இருக்கு. மெஷின் ரம்பம். கட்டை ஒரு அடியிலிருந்து இரண்டரை அடி வரை. சிலது பிளந்து நாராக் கிழிஞ்சிருக்கு. வேங்கை ரெண்டை மட்டும் தோண்டியிருக்காங்க. குழியா இருக்கு.

மே 13, மாலை

நல்ல செய்தி. இருக்கிற கேட்டுக்குள்ள நல்ல செய்தி.

உயரமா விட்ட கட்டையில தளிர் மேல் விளிம்புல வரும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல ஒட்டிக்கிட்டு நிக்கும், ரெண்டாவது வருஷம் காத்துல முறிஞ்சு விழும். மண்ணை ஒட்டி வர்ற தளிருக்குத்தான் பின்னாடி சொந்த வேர் பிடிக்கும். அதனால தளிர் வர்றதுக்கு முன்னாடி, அதாவது இந்த மாசமே, கிழிஞ்ச கட்டைகளை மறுபடி அறுத்து விடணும்.

தரையிலிருந்து நாலு விரல், மிஞ்சினா அரை அடி. கைரம்பம் போதும். வெட்டுவாய் ஒரு பக்கம் சரியட்டும், தண்ணி நிக்கக் கூடாது, நின்னா நடுக்கட்டை அழுகும். கிழிஞ்சு தொங்குற பட்டையைக் கத்தியால சுத்தமா சீவி விடுங்க. ஆனா ஒட்டியிருக்கிற பட்டை மேல கோடாலி பட்டு அது கட்டையை விட்டுக் கிளம்பிடக் கூடாது. தளிர் மொட்டு தூங்குறது அந்தப் பட்டைக்கு அடியிலதான். கோடாலியே வேணாம்னு சொல்றது அதுக்குத்தான்.

தளிர் ஏற்கனவே வந்த கட்டையைத் தொடாதீங்க. ரெண்டாந்தடவை அறுத்தா வேர்ல இருக்கிற சேமிப்பு வீணாகும்.

ரொம்பப் பெருத்த, வயசான கட்டை தளிர்க்காமலே போகலாம். கட்டிப்பிடிச்சா கை எட்டாத மரங்கள் மேல பெரிய நம்பிக்கை வைக்காதீங்க.

பட்டா நிலத்துல இதைச் செய்ய உடையவர் சம்மதம் வேணும். எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு கட்டையையும் தொடாதீங்க. காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம நுழையறதே குற்றம், நோக்கம் எவ்வளவு நல்லதா இருந்தாலும்.

மே 14

தோண்டின வேங்கைக் குழி பத்தி. குழி ஓரத்துல அறுந்த வேர்முனை தெரிஞ்சா மண்ணைத் தள்ளி மூடுங்க, வெயில்ல காய விடாதீங்க. வேர்ல இருந்து கிளம்புமான்னா, வேங்கைக்குச் சந்தேகம்தான். வெள்வேல், விடத்தலை, பெருமரம் இதெல்லாம் வேர்ல இருந்தே கிளம்புற ஜாதி. சந்தனமும் அப்படித்தான்: வேர்லயும் எண்ணெய் இருக்கிறதால அதை எப்பவும் வேரோட தோண்டித்தான் எடுப்பாங்க, ஆனா குழி விளிம்புல விட்டுப்போன வேர்த்துண்டு முளைக்கும். திருப்பத்தூர்ல அரசு சந்தனக் கிடங்கு இருக்கிற அளவுக்கு நம்ம ஜவ்வாது மலைக்கும் சந்தனத்துக்கும் உறவு. கரட்டுல சின்னச் சந்தனச் செடி கண்ணுல பட்டா ஒண்ணு மட்டும்: போட்டோ போடாதீங்க. போட்டாலும் இருக்கிற இடத்தைக் காட்டுற ஜி.பி.எஸ். குறிப்பை எடுத்துட்டுப் போடுங்க. இந்த இழையிலயும் சொல்லாதீங்க. பக்கத்துல இருக்கிற புதர்களையும் சுத்தம் பண்றேன்னு வெட்டிடாதீங்க, சந்தனம் அதுங்க வேரை உறிஞ்சித்தான் பிழைக்குது.

மே 16 | ஆலங்காயம் வாசகர்

இவருக்கு மனசு கெட்டுக் கிடக்கு, நீங்க ரம்பம் பிடிக்கச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க. கொஞ்சம் ஆறுதலா நாலு வார்த்தை சொல்லக்கூடாதா?

மே 16, இரவு

அழட்டும். நான் தடுக்கல. ஆனா ஆடு துக்கம் விசாரிக்க வராது, தளிர் தின்ன வரும்.

காடு போன வருத்தத்துக்கு ஒரு வடிவம் இல்லாததாலதான் அது நெஞ்சை அடைக்குது. மனுஷன் செத்தா எட்டுக்கு என்ன, பதினாறுக்கு என்னன்னு ஊர்ல கணக்கு இருக்கு. கரடு போனா ஒண்ணும் கிடையாது. அதனால ஒரு வேலை சொல்றேன். ஒரு நோட்டுல மாசவாரியா எழுதுங்க: அந்தக் கரடு ஊருக்கு என்ன குடுத்துச்சு. சித்திரை வைகாசியில வேப்பம்பூ, நுங்கு வண்டிக்கு மூடப் பச்சைத்தழை. ஆனியில நாவப்பழம், வேப்பங்கொட்டை. அப்புறம் சீத்தா, காரைப்பழம், சூரைப்பழம், நெல்லி. வருஷம் பூரா அரப்புக்கு உசில் தழை. ஆட்டுக்குத் தழை. தேன் எந்தப் பாறையில, எந்த மரத்துல. இதை உங்களால தனியா எழுத முடியாது. ஆடு மேய்ச்ச பாட்டிங்ககிட்ட போகணும். அவங்க மரத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, இந்தப் பாறைகிட்ட இருந்தது, அந்த வளைவுல இருந்ததுன்னு.

ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல ஒரு கட்டம் போடுங்க: இதே மரம் இன்னும் உயிரோட நிக்கிற பக்கத்து இடம் எது? கோயில் தோப்பா, வரப்பா, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலயா? எந்தப் பேருக்கு எதிர்ல கட்டம் காலியா இருக்கோ அதுதான் நிஜமா போன மரம். மிச்சத்துக்கு விதைமரம் இருக்கு.

மே 17

நேத்து சொன்னதோட சேர்த்து இதையும் செய்யுங்க. கரட்டுல அசையாத ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து பெயின்ட்ல ஒரு புள்ளி. அதுல நின்னு நாலு திசைக்கும் ஒவ்வொரு போட்டோ, நெஞ்சு உயரத்துல, ஜூம் இல்லாம. செப்டம்பர்ல ஒரு தடவை, ஜனவரியில ஒரு தடவை, அதே புள்ளி, அதே திசை. சும்மா நடந்து போறப்ப எடுத்த நூறு படத்தால எதையும் நிரூபிக்க முடியாது. இந்த நாலு படத்தால முடியும், உங்களுக்கும் சரி, பஞ்சாயத்துக்கும் சரி.

மே 19 | குடியாத்தம் வாசகர்

வளையம் எண்ணினா மரத்தோட வயசு தெரியும்ல? எண்ணி எழுதி வச்சா கேஸுக்கு உதவுமே.

மே 19, மாலை

தேக்குக்கு எண்ணலாம், வளையம் தெளிவா இருக்கும். மத்ததுல பலதுக்கு எண்ணாதீங்க. நம்ம வறண்ட காட்டு மரம் வருஷத்துக்கு ஒரு வளையம்தான் போடும்னு சட்டம் கிடையாது. ரெண்டு பருவமழை, நடுவுல ஒரு வறட்சின்னா பொய் வளையமும் வரும். இருநூறு வருஷத்து மரம்னு எழுதி, எதிராளி ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து மறுத்துட்டா மிச்சம் சொன்னதும் எடுபடாது. கட்டையோட சுற்றளவை டேப்ல அளந்து எழுதுங்க. அது மறுக்க முடியாத எண்.

அளவுன்னு வந்ததால ஒரு பாடம். மரக்கடைக் கணக்கு: நடுச்சுற்றளவை நாலால வகுத்து, அதையே அதால பெருக்கி, நீளத்தால பெருக்கு. சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடின்னா 10 கன அடி. நிஜ உருளைக் கணக்குப் போட்டா 12.7 கன அடி வரும். அந்த 2.7 அறுவைக் கழிவுன்னு போகும். விக்கிறவன் எப்பவும் குறைஞ்ச கணக்குலதான் வித்திருப்பான். அதனால லாரியில போனது ரசீதுல இருக்கிறதைவிடக் கூடுதல்னு நீங்க கத்துறதுக்கு முன்னாடி, எந்தக் கணக்குல எழுதியிருக்குன்னு பாருங்க. நியாயமான வித்தியாசமே நாலுல ஒரு பங்கு.

மே 22

வழக்கு, மனு பத்தி மூணு பேர் கேட்டிருக்காங்க. சுருக்கமா.

முதல்ல சர்வே நம்பர். அ-பதிவேட்டுல நிலம் என்ன வகைன்னு பாருங்க, புலப்படத்துல எல்லையைப் பாருங்க. பட்டா, மேய்ச்சல் புறம்போக்கு, காப்புக்காடு மூணுக்கும் மூணு சட்டம், மூணு அலுவலகம். எல்லாத்தையும் ஒரே மனுவுல போட்டா மூணு பேரும் இது எங்களது இல்லைன்னு திருப்பி அனுப்புவாங்க.

காப்புக்காட்டுல ஒரு அடி உள்ள வந்திருந்தாலும் 1882 தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கு. காட்டு நிலத்தை வேற வேலைக்கு மாத்தினா 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு அனுமதி வேணும். பட்டாக் கரடுன்னாலும் அறிவிக்கப்பட்ட தனியார் காடா இருந்தா 1949 தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி கலெக்டர் தலைமையில இருக்கிற குழுவோட அனுமதி வேணும். சில மலைக் கிராமங்களுக்கு 1955-ல வந்த மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. உங்க கிராமம் இந்த அறிவிப்புகள்ல இருக்காங்கிறதுதான் முதல் கேள்வி. அதை 2005 தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க: 10 ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா முதல் மேல்முறையீடு. புறம்போக்கு மரத்துக்கு ஏலம் நடந்ததா, எந்தத் தேதி, எத்தனை மரம், தீர்மான நகல் குடுங்கன்னு தனி மனு. ஏன் வெட்டினீங்கன்னு கேக்காதீங்க. அதுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. காகிதத்தைக் கேளுங்க.

ஜவ்வாது மலை மேல இருக்கிற மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கு இதைவிட வலுவான பிடி ஒண்ணு இருக்கு: 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(i). சமூகக் காட்டைக் காக்கவும் மீட்கவும் கிராம சபைக்கே உரிமை. மனு போடுற ஊர்கள் குறைவு.

இது ஒரு பக்கம் நடக்கட்டும். வருஷக்கணக்குல இழுக்கும். தளிர் அதுக்காகக் காத்திருக்காது.

ஜூன் 3 | கேட்டவர்

கோடை மழை ரெண்டு பெஞ்சுது. உசில் கட்டையில ஊதா கலந்த பச்சையில சின்னச் சின்னதா ஈக்கு மாதிரி வந்திருக்கு! ஒரு கட்டையில எண்ணினேன், முப்பதுக்கு மேல. ஆனா கீழ்த்தெரு ஆடு வந்துருச்சு.

ஜூன் 3, இரவு

வரும்னு சொன்னேனே.

கம்பிவேலிக்குக் காசு தேட வேணாம். வெட்டினவங்க விட்டுட்டுப் போன கழிவுக்கிளை குவிஞ்சு கிடக்கும்ல, அதுல முள்ளு உள்ளதா பொறுக்குங்க: வெள்வேல், காரை, சூரை. கட்டையைச் சுத்தி ஒரு முழம் தள்ளி வட்டமா, முள் வெளிப்பக்கம் பார்க்க, இடுப்பு உயரம் அடைங்க. கட்டை மேலயே போட்டு மூடாதீங்க, தளிர் வெளிச்சம் தேடிக் கோணிக்கிட்டு வளரும். எல்லாக் கட்டைக்கும் முடியாது. நல்ல கட்டையா பத்துக்கு மூணு தேர்ந்தெடுங்க. ஆடு பின்னங்காலை ஊன்றி நின்னா அஞ்சடி எட்டும். தளிர் ஆறடி தாண்டுற வரைக்கும் அடைப்பு வேணும்.

ஆட்டுக்காரங்களோட சண்டை போடாதீங்க. அவங்களுக்கும் இந்தக் கரடுதான் போச்சு. மேய்ச்சல் புறம்போக்குன்னாலே ஊர் ஆடு மாடு மேயறதுக்கு விட்ட நிலம். கரட்டை மூணு பங்காப் பிரிச்சு, ஒரு பங்கை மட்டும் மூணு வருஷம் மூடுறோம், மத்த ரெண்டும் உங்களுக்குன்னு பேசுங்க. மூடின பங்குல புல்லை அறுத்து எடுத்துட்டுப் போக விடுங்க. முழுக் கரட்டையும் மூடச் சொன்ன ஊர்ல வேலி ராத்திரியோட ராத்திரியா அடுப்புக்குப் போகும்.

ஜூன் 5

ஆயிரம் கன்று நடாத சுற்றுச்சூழல் தின வாழ்த்துகள்.

ஜூன் 9

கழிவுக்கிளை மிச்சம் இருந்தா எரிக்காதீங்க. மரம் போன சரிவுல முதல் நாலு மழைதான் மேல்மண்ணை அரிச்சுக்கிட்டுப் போகும். கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்துல, எட்டுப் பத்து மீட்டருக்கு ஒரு வரிசையா கிடத்துங்க. கல் கிடைச்சா முன்னால கல். மண்ணும் சருகும் விதையும் அதுல வந்து தங்கும். ஒரு மழைக்காலத்துலயே அந்த வரிசை ஓரம் பச்சையாகிறது தெரியும்.

கண்மட்டத்துல சமமட்டம் பிடிச்சா ஏமாறுவீங்க. வரிசை லேசா சரிஞ்சாலே தண்ணி ஓரமா ஓடி வாய்க்கால் வெட்டிடும். ஏழடிக் கம்பு ரெண்டு, உச்சியில சேர்த்துக் கட்டி, காலை அகட்டி வைங்க. நடுவுல குறுக்கே நாலடிக் கம்பு. உச்சியிலிருந்து கயிறு, நுனியில கல், கல் குறுக்குக் கம்புக்குக் கீழ தொங்கணும். ரெண்டு காலும் நிக்கிற இடத்துல அடையாளம் வச்சுக்கிட்டு, கயிறு குறுக்குக் கம்பைத் தொடுற இடத்துல ஒரு கோடு. அப்புறம் காலை இடம் மாத்தி அதே அடையாளத்துல நிறுத்தி இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடு மையம்தான் சமமட்டம். அப்புறம் ஒரு காலை ஊன்றி, மறு காலை நகர்த்தி, கயிறு நடுக்கோட்டுக்கு வர்ற இடத்துல கல் வச்சுக்கிட்டே போகலாம். காத்தடிக்கிற நாள்ல வேணாம், கயிறு ஆடிக்கிட்டே இருக்கும்.

ஜூன் 14

இப்ப விதை. மே 16 நோட்டு எழுதியிருந்தா எந்த மரத்தடிக்குப் போகணும்னு தெரியும்.

வேம்பு: பழுத்து விழுந்ததைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழல்ல உலர்த்தி, ரெண்டு மூணு வாரத்துக்குள்ள போடணும். டப்பாவுல அடைச்சு அடுத்த வருஷத்துக்கு வச்சா ஒண்ணுகூட வராது. நாவல் அதைவிட அவசரம், உலர்த்தவே கூடாது. இலுப்பையும் அந்த ரகம்தான்.

உசில், கொன்றை மாதிரி கெட்டித்தோல் விதைக்குக் கொதிச்ச தண்ணியை அடுப்பை விட்டு இறக்கி, விதையைப் போட்டு, ராத்திரி பூரா ஆற விடணும். அடுப்பு மேல வச்சே போட்டீங்கன்னா வெந்த விதைதான் கிடைக்கும். நெல்லிப்பழத்தை வெயில்ல காய வச்சா கொட்டை தானா வெடிச்சு விதை வெளிய வரும். கடுக்காய் பிடிவாதம், கொட்டையோட அகன்ற முனையை லேசா வெட்டி ஒன்றரை நாள் ஊற வைக்கணும். அப்பவும் எல்லாம் முளைக்காது.

ஜூன் 15 | கேட்டவர்

விதைப்பந்து வீசலாமா? ஒரு அமைப்பு இலவசமா தர்றாங்க.

ஜூன் 15, மாலை

அதுல என்ன விதைன்னு முதல்ல கேளுங்க. உங்க நோட்டுல இல்லாத மரம்னா வேணாம். வழுக்குப்பாறை மேல வீசின பந்து வெயில்ல வேகும், எறும்பு எடுத்தது போக மிச்சம் முளைச்சாலும் வேர் இறங்க மண் இருக்காது. வீசுறதைக் குறைச்சு, கிளை வரிசைக்கு மேல்புறம் சேர்ந்த ஈரமண்ணுல குச்சியால ஒரு விரல்கடை குத்தி விதையைப் போட்டு மூடுங்க. போட்டோவுக்கு நல்லா இருக்காது. முளைக்கும்.

ஜூலை 20

வெட்டுப்பட்ட கரட்டுக்குப் பறவை வராது, உட்கார இடம் இல்ல. பறவை வரலைன்னா எச்சத்துல விதை வராது. இதுக்குப் போத்து, அதாவது வெட்டின கிளையையே நடலாம். ஆல், அத்தி, ஒதியம், கிளுவை நாலும் கிளைப்போத்துல வரும். மணிக்கட்டுப் பருமன், ஆறிலிருந்து எட்டடி நீளம், அடிமுனை சாய்வா ஒரே வெட்டு. ரெண்டடி ஆழக் குழி, பட்டை உரியாம இறக்கி, மண்ணைக் கெட்டியா குத்தணும், ஆட்டிப் பார்த்தா ஆடக் கூடாது. மேல்முனையில பச்சைச் சாணி உருண்டையை அப்பி விடுங்க, அது இல்லாட்டி மேல இருந்து காஞ்சுக்கிட்டே கீழ வரும். ஓடை ஓரம், மண் ஆழமா இருக்கிற இடத்துக்கு மட்டும். பாறை மேல வேணாம்.

பட்டுப்போன மரம் ஒண்ணு ரெண்டு நின்னா விறகுக்கு விடாதீங்க. பொந்து இருக்கிற மரம் இனி அங்க அது ஒண்ணுதான். புள்ளி ஆந்தைக்கும் கிளிக்கும் மைனாவுக்கும் வேற வீடு வர்றதுக்கு உங்க ஆயுசு பத்தாது.

செப்டம்பர் 8 | கேட்டவர்

தளிர் இடுப்புக்கு வந்தாச்சு. ஒரே கட்டையில இருபது கம்பு. களையணுமா?

செப்டம்பர் 8, இரவு

இப்ப கை வைக்காதீங்க. ஒரு மழைக்காலம் முடியட்டும், இலை முழுக்க வேருக்குச் சமைச்சுப் போடட்டும். அடுத்த வருஷம் மழை வர்றதுக்கு முன்னாடி மூணு நாலு கம்பு விட்டு மிச்சத்தைக் களையுங்க. மண்ணை ஒட்டிப் பிறந்தது, காத்து வர்ற பக்கம் இருக்கிறது, பட்டை காயம் இல்லாதது. அதுக்கடுத்த வருஷம் ஒண்ணோ ரெண்டோ.

செப்டம்பர் 10

நேத்து முழுக்க யோசிச்சேன். மேல சொன்னது கம்பு விக்கிறவன் கணக்கு. நேரான, பருத்த மரம் சீக்கிரம் வேணும்னா களையணும். உங்களுக்கு விறகா விக்கப்போறது இல்லையே? காடுதானே வேணும்? அப்படின்னா பாதிக் கட்டையைக் களைஞ்சு, பாதியை அப்படியே புதரா விடுங்க. புதருக்குள்ள கௌதாரி இருக்கும், முயல் இருக்கும், நிழல்ல வேற விதை முளைக்கும். இருபது கம்பும் அடிச்சுக்கிட்டு நாலு தானா மிஞ்சும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். களைஞ்ச கம்பு ஆட்டுக்காரங்களுக்கு. ஒப்பந்தத்துல அதையும் சேர்த்துக்கோங்க.

அக்டோபர் 2 | ராணிப்பேட்டை வாசகர்

இந்தக் காடு எல்லாம் முன்ன எப்படி இருந்திருக்கும்னு நினைச்சாலே ஏக்கமா இருக்கு. தாத்தா காலத்துல யாரும் மரத்தையே தொடமாட்டாங்களாம்.

அக்டோபர் 2, மாலை

அப்படி ஒரு காலமே இல்லைங்க. 1856-ல ராயபுரத்திலிருந்து உங்க வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் வந்துச்சு. அந்தக்கால எஞ்சின் விறகுல ஓடினது. ரயில் விறகுக்கும், தண்டவாளத்துக்கு அடியில போடுற தூங்குகட்டைக்கும் காடு கரையுதுங்கிற பயமும் சேர்ந்துதான் அதே காலத்துல மெட்ராஸ்ல வனத்துறையே தொடங்குச்சு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோலுக்கு ஆவாரம்பட்டை வண்டி வண்டியா உரிச்சாங்க, தோல் பதப்படுத்தக் குரோம் உப்பு வர்ற வரைக்கும். காப்புக்காட்டுலயே முறை வச்சு, கூப்புன்னு துண்டு துண்டா பிரிச்சு வெட்டினாங்க. நீங்க கன்னிக்காடுன்னு நினைச்சு ஏங்குற கரடுகள் நிறைய, வெட்டின கட்டையில இருந்து தளிர்த்து வந்ததுதான். அடியில ரெண்டு மூணு தண்டா பிரிஞ்சு நிக்கிற உசிலைப் பாருங்க, அது முன்னாடி வெட்டுப்பட்ட மரமா இருக்க வாய்ப்பு அதிகம்.

வெட்டினது பரவாயில்லைன்னு இதைப் படிச்சுடாதீங்க. அந்தக் கூப்புல வெட்டிட்டுப் பல வருஷம் மூடி வைப்பாங்க, அதான் திரும்ப வந்துச்சு. இப்ப வெட்டின மறுமாசமே கல் குவாரிக்கோ லேஅவுட்டுக்கோ போகுது. ஜே.சி.பி. ஏறின மண்ணுல நான் சொன்ன எதுவும் எடுபடாது.

நவம்பர் 19

உண்ணிச்செடி. மேல வெளிச்சம் விழுந்ததும் முதல்ல பாய்ஞ்சு வர்றது அதுதான். அரிவாளால வெட்டினா நாலு மடங்கா வரும். மண்ணுக்கு அடியில ரெண்டு மூணு விரல் கீழ, தண்டு வேராகுற முடிச்சுக்கும் கீழ கடப்பாரை முனையால வெட்டி, தூரோட பிடுங்கித் தலைகீழாப் போடணும், வேர் மண்ணைத் தொடக் கூடாது. மழை ஈரம் இருக்கிறப்ப சுலபம். கறுப்புக் காய் பிடிக்கிறதுக்கு முன்னாடி செய்யுங்க. காய்ச்ச பிறகு இழுத்துக்கிட்டுப் போனா வழி முழுக்க விதைச்சுக்கிட்டே போறீங்க. அடுத்த மழைக்கும், அதுக்கடுத்த மழைக்கும் நாத்தைப் பிடுங்க வர முடியாதுன்னா தொடங்கவே வேணாம். ஒரு தடவை மட்டும் பிடுங்கின இடத்துல முன்னைவிட அடர்த்தியா வரும்.

ஜனவரி 6

ஜூன்ல முள் அடைப்பு போடச் சொன்னேன். இப்ப அது காஞ்ச சுள்ளி. பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் நம்ம கரடுகள்ல தீ பிடிக்கிற காலம். பீடித்துண்டு போதும், கட்டையைச் சுத்தி நீங்களே அடுக்கி வச்ச விறகு தளிரை வேரோட கருக்கும். தீ பட்ட புல் அடுத்த மழைக்கு வரும், தூர் வெந்த கட்டை வராது.

அதனால இந்த மாசத்துக்குள்ள: அடைப்பைக் கட்டையிலிருந்து மூணடி வெளியத் தள்ளி அகல வட்டமாக்குங்க. உள்ள இருக்கிற புல்லை மண் தெரிய செதுக்குங்க. கரட்டோட அடிவாரத்துல, பாதை ஓரமா, மூணு மீட்டர் அகலத்துக்குச் சருகை வாரித் தீத்தடுப்புக் கோடு. புல்லறுக்க விட்டீங்கன்னா பாதி வேலை மிச்சம், ஆட்டுக்காரங்களே செஞ்சிருப்பாங்க. எரிஞ்சா அடிக்கப் பச்சைத்தழைக் கொத்துதான், ஆனா சரிவுல தீக்கு மேல்பக்கம் ஒருத்தரும் நிக்கக் கூடாது. தீ மேல்நோக்கி ஓடுற வேகத்துக்கு ஆள் ஓட முடியாது. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்னா வனத்துறைக்குப் போன் பண்ணிட்டு விலகி நில்லுங்க.

ஜனவரி 9 | கேட்டவர்

கோடு போட்டாச்சு, கீழ்த்தெரு ஆளுங்களும் வந்தாங்க. நாலு போட்டோவும் எடுத்தோம். நோட்டுல பதினேழு மரத்தோட பேர் இருக்கு, மூணுக்கு எதிர்ல கட்டம் காலி. அதுல ஒண்ணு மஞ்சக்கடம்பு. விதை எங்க கிடைக்கும்ணா? அப்புறம் பசங்க இன்னும் கன்று நடலாமான்னே கேக்கிறாங்க.

ஜனவரி 9, இரவு

இப்ப நடலாம். இப்பன்னா ஆடியில. ஆயிரம் இல்ல, கட்டம் காலியா இருக்கிற அந்த மூணு மரம் மட்டும்.

மஞ்சக்கடம்பு விதை தூசி மாதிரி இருக்கும். காய் உருண்டை காய்ஞ்சு உதிர்றதுக்கு முன்னாடி மரத்துல இருந்தே பறிச்சு, துணியில போட்டு உதிர்க்கணும். மணல் கலந்து தட்டுல தூவி, மேல மண் போடாம, தண்ணியை ஊத்தாம தெளிக்கணும், ஊத்தினா விதையே அடிச்சுக்கிட்டுப் போயிடும். எறும்பு வராம தட்டை தண்ணிப் பாத்திரத்துல நிறுத்துங்க. நாலு இலை விட்டதும் பைக்கு மாத்துங்க, ரெண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கின எரு. முதல் ஆடிக்கு ரொம்பச் சின்னதா இருக்கும், அடுத்த ஆடி வரைக்கும் பையிலேயே விடுங்க.

விதைமரத்துக்கு ஜவ்வாது மேல இருக்கிறவங்க யாராவது சொல்லுங்க, பட்டாவுலயோ ஊர்ப் பொது இடத்துலயோ நிக்கிறதா. காப்புக்காட்டு மரம்னா ரேஞ்சர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துக் கேளுங்க. மத்த ரெண்டு காலிக் கட்டம் என்ன மரம்னு எழுதலையே?